அகுவா அஃப்ரியே குடித்த தண்ணீர்

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, லாரி நிலையத்தில் டுஃபியேயின் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. பிசைந்து வைத்த மாவு அண்டாவில் பொங்கி நின்றது. அதைப் பொரித்து உருண்டை உருண்டையாக விற்பதுதான் அவள் பிழைப்பு. போஃப்ரோட் என்றால் அந்த நிலையத்தில் டுஃபியே கடைதான். ஆள் வந்து சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மாவு புளித்துப் போகும், எண்ணெய் கருகிப் போகும் என்ற நினைப்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில்தான் வந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அண்டா காலி. சட்டி தேய்த்துக் கவிழ்த்திருந்தது. விற்ற காசு துணியில் முடிந்து சட்டிக்கு அடியில் இருந்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு லாரி டிரைவர் மட்டும், "நேத்து உன் போஃப்ரோட் ரோடு போடுற தார் மாதிரி இருந்துச்சு. ஆனா வாங்காமப் போனா வண்டியை மறிக்குது அந்தம்மா. ரெண்டு ரெண்டா எல்லார் கையிலயும் திணிச்சிடுச்சு" என்றான்.

எந்த அம்மா என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பாடகர் குழுவில் டுஃபியேயும் அகுவா அஃப்ரியேயும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறவர்கள். புத்தகத்தைப் பிடித்த அகுவாவின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளங்கள் வரிசையாக இருந்தன.

"அக்கா, இது என்ன?"

"கொசு கடிச்சிருக்கு. பாட்டைப் பாரு" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார் அகுவா. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அப்போது அவர் வெறும் வாழைக்காய் வியாபாரி. கணவர் இல்லை. ஒரே மகள் கட்டிக்கொடுத்துத் தூரத்தில் இருந்தாள். விடியற்காலையில் பண்ணைகளுக்குப் போய்த் தார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிலையத்தின் ஓரத்தில் இறக்குவார். நல்ல உயரம். குரல் அதைவிடப் பெரிது. நிலையத்தின் இந்த மூலையிலிருந்து அவர் விலை சொன்னால் அந்த மூலையில் இருக்கிறவன் பேரம் பேசுவான். சபையில் அவர் மூப்பர். திருவிருந்து ஞாயிறு வந்தால் வெள்ளைத் துணி கட்டி, வெள்ளைத் துணியால் தலையையும் சுற்றி, முதல் வரிசையில் அமர்ந்திருப்பார். எதை விட்டாலும் விடுவார், கர்த்தருடைய பந்தியை ஒருநாளும் விட்டதில்லை. காய்ச்சலோடு ஒருமுறை வந்து, அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த்தான் படுத்தார்.

இரண்டு பேருக்கும் வீடு அசுவாச்சியில். ஒஃப்ராமாசே ஊருக்கும் அசுவாச்சிக்கும் நடுவே அடோமா ஓடை ஓடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, லாரி நிலையம், சபை எல்லாம் ஊர்ப்பக்கம். அசுவாச்சியில் இருப்பதெல்லாம் மனிதர்களும் மரவள்ளித் தோட்டமும்தான். வெயில் காலத்தில் அடோமா கணுக்கால் நனைக்கும். ஜூன் மாதம் மழை பிடித்தால் அது வேறு ஓடை. இரண்டு மரத்தடிகளைப் போட்டுப் பிள்ளைகள் கைகோத்துக் கடப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் தடியை ஓடை கொண்டுபோகும். பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டில் கிடக்கும். பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கதவுப் பலகையில் கிடத்தி, நான்கு ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிப்போனதை டுஃபியே தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அடோமா என்றே பெயர் வைத்தார்கள்.

நகராட்சி மன்றத் தேர்தல் வந்தபோது அசுவாச்சி வட்டத்துக்கு நிற்கிறேன் என்று அகுவா சொன்னார். எதிரே நின்றவருக்குக் கார் இருந்தது. படம் அச்சடித்த பனியன் இருந்தது. அகுவாவுக்குக் கால்தான் இருந்தது.

"சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்கு அக்கா அலையறே?" என்று கேட்டாள் டுஃபியே.

"வாழைக்காய்க்குப் பேரம் பேசுற வாய், பாலத்துக்குப் பேசாதா? பேசிப் பாக்கலாம். நீ கூட வா."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். அந்த ஊரில் வணக்கம் சொல்லாமல் ஒருவர் வாசலைக் கடப்பது அவரை மனிதராக மதிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அகுவா எல்லா வாசலிலும் நின்றார். தோட்டத்துக்குப் போனவர்களைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு வாசலைத்தான் கடந்து போனார். ஓடைக்கரையில், வேப்ப மரத்தடியில் இருந்த நானா பெடியாடுவோவின் வாசல் அது.

நானா பெடியாடுவோ அடோமா ஓடையின் பூசாரி. நானா என்பது பெரியவர்களுக்கான மரியாதைச் சொல். அவர் அப்பாவும் அதுதான், தாத்தாவும் அதுதான். சபைக்காரர்கள் அந்த வீட்டுக்குள் போவதில்லை. போய் அங்கே எதையாவது சாப்பிட்டால், குடித்தால், திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கிவைப்பார்கள். அது சபையின் சட்டம். அன்று அவர் வாசலில் உட்கார்ந்து பல்குச்சி மென்றுகொண்டிருந்தார். அகுவா செருப்பைப் பார்த்தபடியே நடந்தார். டுஃபியேயும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

அகுவா ஜெயித்தார். அன்றிலிருந்து லாரி நிலையம் முழுவதும் அவரை "ஆனரபிள்" என்றுதான் கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"ஆனரபிள், வாழைத்தார் இறக்க ஆள் வேணுமா, இல்ல தீர்மானம் போடணுமா?" என்பார் நிலையத்தைக் கவனித்துக்கொள்கிற பாஃபோ.

"உன் வாய்க்குப் பூட்டுப் போடத் தீர்மானம் போட்டாச்சு பாஃபோ. சாவிதான் வரல."

மன்றத்தில் பாலம் என்று அவர் எழுந்தபோதெல்லாம், அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றார்கள். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. மற்ற வட்டத்துக்காரர்களுக்கும் கேட்க நியாயம் இருந்தது. ஒருவருக்குக் கிணறு இல்லை, ஒருவருக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. நகராட்சித் தலைவர் மேலிடத்திலிருந்து நியமிக்கப்பட்டு வந்தவர், நல்ல மனிதர், ஆனால் அசுவாச்சியைக் காரில் இருந்தபடி எதிர்க்கரையிலிருந்துதான் பார்த்திருந்தார்.

நான்காவது வருஷம் மழை பிடித்த ஒரு காலையில், அகுவா நேரே அவர் அலுவலகத்துக்குப் போனார். தலைவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார்.

"ஐயா, இன்னைக்கு என் வீட்டுல கடலைக் குழம்பு வச்சிருக்கேன். சாப்பிட வாங்க."

"இந்த மழையிலயா அம்மா?"

"குழம்பு மழைக்குத்தான் ருசி."

ஓடைக்கரை வரை கார் வந்தது. அதற்கு மேல் வழி இல்லை. தண்ணீர் பழுப்பாகப் புரண்டு ஓடியது. அக்கரையில் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கடக்கலாமா வேண்டாமா என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீடு எங்கம்மா?"

"அந்தப் பக்கம். ஏறுங்க என் முதுகுல, தூக்கிட்டுப் போறேன். வாழைத்தார் தூக்கின முதுகு, கீழ போட மாட்டேன்."

கரையில் நின்ற டுஃபியே வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவரோடு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். அகுவாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் தொடைவரை வந்தது. ஒருமுறை கால் வழுக்கியது. அக்கரையில் ஏறி, நனைந்த சட்டையோடு அகுவாவின் வீட்டில் உட்கார்ந்து, அரிசி உருண்டையும் கடலைக் குழம்பும் சாப்பிட்டார். கை கழுவும்போது, "அடுத்த மழைக்கு முன்னாடி கட்டிடலாம்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, மண் தோண்டும் பொக்லைன் வண்டி அசுவாச்சிப் பாதையில் உறுமிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். அஸ்திவாரம் தோண்டுகிற வண்டி நகராட்சி முழுமைக்கும் அது ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் அது அடுத்த வட்டத்துக்குப் போயாக வேண்டும். அங்கே முடித்து, அதற்கடுத்த இடமும் முடித்துத் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிடும். மழைக்கு முன் அஸ்திவாரம் எழும்பாவிட்டால் பணம் வேறு வேலைக்குப் போய்விடும். இதை ஒப்பந்தக்காரர் மூன்று தடவை சொன்னார். அகுவாவுக்கு ஒரு தடவையிலேயே புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டுஃபியே மாவு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்கு வந்தாள். பாதையின் குறுக்கே எண்ணெய்ப்பனையின் குருத்தோலை கட்டியிருந்தது. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வண்டிக்கு முன்னால்.

ஓடையின் பூசாரி ஓலை கட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி ஓட்டுகிற இசாகு வடக்கத்தி ஆள். அவனுக்கும் தெரிந்திருந்தது. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் இந்தப் பக்கத்து ஆள் இல்ல. ஓலை கட்டின இடத்துல கை வைக்க மாட்டேன். எங்க அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தாரு" என்றான்.

கூட்டம் கூடிவிட்டது. இளவட்டங்கள் கத்தியோடு வந்தார்கள். "அறுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றார்கள். போதகர் அமோவாவுக்கும் சேதி போய், அவரும் வந்தார். வயதில் இளையவர், நல்ல மனசு. "அம்மா, நான் ஜெபம் பண்ணிட்டு நானே அறுக்கிறேன். என் மேல என்ன வந்தாலும் வரட்டும்" என்றார்.

அகுவா ஓலையைத் தொடாமல் அதன் முன்னால் நின்றார்.

"அறுத்தா பாலம் வரும் போதகரே. ஆனா அந்தப் பாலத்துல பாதி ஊரு நடக்கும், பாதி ஊரு நடக்காது. நடக்கிறவன் நடக்காதவனைப் பாத்துச் சிரிப்பான். அப்படி ஒரு பாலம் கட்டவா நான் நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"அப்ப என்னம்மா செய்யறது?"

அகுவா திரும்பினார். வீட்டுக்குப் போனார். டுஃபியே பின்னால் போனபோது முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது துணி மாற்றியிருந்தார்.

"நீயும் வா. தனியாப் போனா அவரு பேசுறதை நான் மறந்துடுவேன்" என்றார்.

"எங்க அக்கா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி போயிருக்க வேண்டிய இடத்துக்கு."

டுஃபியே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, சட்டம் தெரியும்ல. வர்ற ஞாயிறு திருவிருந்து."

"தெரியும்."

வேப்ப மரத்தடியில் நானா பெடியாடுவோ உட்கார்ந்திருந்தார். ஒல்லியான கிழவர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஸ்டூல் போட்டார். உட்கார வைத்தார். அவருடைய பேத்தி பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்தான். தண்ணீரை வாங்கிக்கொள்ளாமல் வந்த காரியத்தைச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் சண்டைக்கு வந்திருக்கிறாய் என்று பொருள். அந்த வீட்டில் தண்ணீர் என்றால் அது அடோமா ஓடைத் தண்ணீர்தான்.

டுஃபியே குனிந்து, "உதட்டுல வச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடு அக்கா" என்று முணுமுணுத்தாள்.

அகுவா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி, அவருடைய ஆண்டவருக்கு நன்றி சொன்னார். உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அண்ணாந்து முழுவதும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

கிழவர் அதை எதிர்பார்க்கவில்லை. "எல்லாத்தையும் குடிச்சிட்டியே" என்றார்.

"தாகமா இருந்துச்சு நானா."

"சரி. இங்க எல்லாம் சுகம். நீ வந்த சேதியைச் சொல்லு."

"சேதி ஒண்ணும் இல்ல. வணக்கம் சொல்ல வந்தேன். நாலு வருஷம் பிந்திடுச்சு. மன்னிச்சுக்கங்க."

நானா பெடியாடுவோ பல்குச்சியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஓட்டுக் கேட்டு வந்தப்போ எல்லார் வாசல்லயும் நின்னே. எதிர் வீட்டுக் குருட்டுக் கிழவிக்கிட்டப் பாட்டுப் பாடிட்டுப் போனே. அவ வீட்டுக் கோழியைக்கூடக் கும்பிட்டே. என்னைப் பாத்ததும் உன் செருப்புல என்ன கண்டே? தங்கமா?"

"தங்கம் இல்ல நானா. பயம்."

"என்கிட்டயா?"

"எங்க சபைக்கிட்ட."

அவர் சிரித்துவிட்டார். முன்பல் இல்லாத சிரிப்பு. "என் வீட்டுல ஒன்பது ஓட்டு. ஒன்பதும் உனக்குத்தான் விழுந்துச்சு, தெரியுமா? நீ கேக்காமலேயே. பாலம் வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? இதோ இவளும் அந்தத் தண்ணியிலதான் பள்ளிக்கூடம் போறா. என் வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்குது, மண்ணைத் தோண்டப் போகுது, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. தெருவுல போற நாய்க்குக்கூட ஒதுங்குன்னு சொல்லிட்டுத்தானே கல்லை எறியறோம்?"

அகுவா தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னோடது. நகராட்சியோடது இல்ல, எங்க சபையோடதும் இல்ல. இப்ப கேக்கிறேன். உங்க வாசல்ல பாலம் கட்டிக்கட்டுமா?"

"வியாழக்கிழமை அடோமாவோட நாளு. அன்னைக்கு இரும்பு தண்ணியில இறங்கக் கூடாது."

"இறங்காது. அது என் பொறுப்பு. ஆனா ஒண்ணு நானா, ஆடு, சாராயம்னு கேட்டீங்கன்னா என்னால கொண்டுவர முடியாது. என் விசுவாசம் அதுக்கு இடம் குடுக்காது. முன்னாடியே சொல்லிடறேன்."

"ஆடு உன்னை யாரு கேட்டா? என் கொட்டகையில நாலு நிக்குது. அது எனக்கும் அடோமாவுக்கும் உள்ள பேச்சு. நடுவுல நீ எதுக்கு?"

கிழவரே வந்து ஓலையை அவிழ்த்தார். இசாகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். செவ்வாய்க்கிழமை பாதி போயிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் அகுவா நேரே போதகர் வீட்டுப் படியேறினார். "யாராவது பாத்துட்டு வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நானா வீட்டுல தண்ணி குடிச்சேன். முழுக் கிண்ணம்" என்றார். போதகர் கையைப் பிசைந்தார். "நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாதே அம்மா" என்றார். "உங்களை முடிவு பண்ணச் சொல்லல போதகரே. மூப்பர் கூட்டத்தைக் கூட்டுங்க. ஆனா சனிக்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

புதன்கிழமை வண்டி வெளிச்சம் மறையும்வரை தோண்டியது. வியாழக்கிழமை வண்டி கரையில் சும்மா நின்றது. அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். இரும்புதானே ஆகாது, கை ஆகும் அல்லவா என்றார் அகுவா. அசுவாச்சியே கூடையோடு இறங்கியது. மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை, தகரச் சட்டிகூட இல்லை. பெண்கள் மேட்டிலிருந்து கல்லைக் கையால் பொறுக்கிக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து வந்தார்கள். நானா பெடியாடுவோ குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, யாராவது இரும்பு கொண்டு வருகிறார்களா என்று பார்த்தார். அதைவிட அதிகமாக, யார் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்று பார்த்தார்.

"பாஃபோ, அது கல்லா, இல்ல உன் பொண்டாட்டி செஞ்ச கென்கே மாவுருண்டையா? ரெண்டு விரலால தூக்கிட்டுப் போறே?"

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை மும்முரமாக நடக்கும்போது இசாகு வண்டியை அணைத்துவிட்டுக் கால் கழுவப் போனான். தொழுகை நேரம். பாஃபோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வியாழன் ஓடைக்கு. வெள்ளி இசாகுவுக்கு. ஞாயிறு ஆனரபிளுக்கு. இந்தப் பாலத்துக்குன்னு எந்தக் கிழமை இருக்கு?" என்றார்.

"மத்தது எல்லாம் இருக்கு. இப்ப உனக்குத் தோதான நேரம், வண்டி ஓடல. மண்வெட்டி அங்க கிடக்கு, எடுத்துக்கோ" என்றார் அகுவா.

பாஃபோ எடுத்தார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் எடுத்தார்கள். இசாகு தொழுகை முடித்து வந்தபோது ஒரு மூலை முழுவதும் தோண்டிக் கிடந்தது. "நான் இல்லாமலே முடிச்சிடுவீங்க போல" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தான். பொழுது சாய்வதற்குள் கடைசி வாளி மண் கரையேறியது. சனிக்கிழமை காலை வண்டி அடுத்த வட்டத்துக்குப் போயிற்று. கொத்தனார்கள் கம்பி கட்ட ஆரம்பித்தார்கள்.

அன்று மத்தியானம் மூப்பர் கூட்டம் கூடியது. வெளியே ஜன்னலடியில் டுஃபியே நின்றாள். உள்ளே அகுவா ஒன்றையும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை.

"அந்த மனுஷனை நாலு வருஷம் அவமானப்படுத்தினேன். அது பாவம்னு எனக்குத் தோணுச்சு. அவர் குடுத்த தண்ணியைத் தட்டிவிட்டா அது இன்னொரு பாவம். சட்டம் சட்டம்தான். நீங்க சொல்றதை ஏத்துக்கிறேன். ஆனா வருத்தப்படுறேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. ஆண்டவர் முன்னாடி பொய் சொல்ல எனக்கு வராது."

மூன்று மாதத்துக்குத் திருவிருந்துப் பந்தி இல்லை, பாடகர் குழுவும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதைப் போதகர்தான் வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அகுவா வெள்ளைத் துணி கட்டவில்லை. பச்சைப்பூ போட்ட சாதாரணத் துணியில் வந்து, விலக்கப்பட்டவர்கள் உட்காரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் இல்லாமல் பாட்டில் கீழ்க்குரல் ஒல்லியாகக் கேட்டது. அப்பமும் ரசமும் வரிசை வரிசையாக வந்து, அவருடைய வரிசைக்கு முன்னாலேயே திரும்பிப் போயின. டுஃபியே முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அகுவா தலை குனியவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்படி வந்தார். ஒரு ஞாயிறும் வராமல் இருக்கவில்லை.

ஜூன் மாதம் மழை வந்தபோது பாலம் நின்றது. அடோமா தன் பாட்டுக்குப் பாலத்துக்கு அடியில் புரண்டு போயிற்று. முதல் மழை நாளில், மாவு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு டுஃபியே நடுப்பாலத்தில் போய் நின்றாள். மேலே மழை, கீழே வெள்ளம், கால் மட்டும் தரையில். அவளுக்கு எங்கேயும் போக மனசில்லை. பிள்ளைகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது அவர்கள் காதில் விழவில்லை.

திறப்பு விழாவுக்கு நகராட்சித் தலைவர் வந்தார். அகுவா முதலில் நானா பெடியாடுவோவை ஒரு பக்கமும் போதகர் அமோவாவை ஒரு பக்கமும் நிற்க வைத்து, நடுவில் தலைவரை விட்டு நடக்கச் சொன்னார். தலைவர் பாலத்தின் பாதியில் நின்று குனிந்து, தன் ஷூவைத் தொட்டுக் காட்டி, "ஈரம் இல்ல" என்றார். அசுவாச்சி முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவே டுஃபியே அகுவாவைப் பார்த்தாள். இந்த உயரமான பொம்பளை என் பக்கத்தில் நின்று பாடுகிறவள் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் சும்மா இருந்தாள்.

கல்வெட்டில் தலைவர் பெயர் இருந்தது, பொறியாளர் பெயர் இருந்தது. "உங்க பேரு எங்க ஆனரபிள்?" என்று பாஃபோ கேட்டார். இந்த முறை கிண்டலாகக் கேட்கவில்லை.

"என் பேரை எதுக்கு அதுல போடணும்? மழை பெஞ்சா பாசி பிடிக்கும். தேய்ச்சுக் கழுவவும் என்னைத்தான் கூப்பிடுவீங்க."

மூன்று மாதம் முடிந்து அகுவா வெள்ளைத் துணியோடு முதல் வரிசைக்கு வந்தார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். சந்தைக்குக் கூரை, ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்த் தொட்டி என்று அவர் பேரம் பேசி வாங்கியவை இன்னும் இருக்கின்றன. பிறகு முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போயிற்று. மகள் வந்து, தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். அங்கே போன இரண்டாவது வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சேதி வந்தபோது சபை மணியை அடித்தார்கள், அதே நேரத்தில் அடோமாக் கரையில் பறையும் ஒலித்தது.

டுஃபியே அவரைக் கடைசியாகப் பார்த்தது லாரி நிலையத்தில், அவர் புறப்பட்ட காலையில். பாஃபோ முன் சீட்டைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். மகள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். டுஃபியே சூடாக ஒரு பொட்டலம் போஃப்ரோட்டை மடியில் வைத்தாள். வண்டி கிளம்பும் நேரம். இத்தனை வருஷமாக வாய்வரை வந்து நின்றதை அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, அந்த மூணு மாசம் கடைசி பெஞ்சுல உக்காந்தியே. ரொம்ப வலிச்சுதா?"

அகுவா ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சுது. வலிக்காம இருக்குமா? ஆனா ஒண்ணு டுஃபியே. அங்க உக்காந்தா பிரசங்கம் ஒரு வார்த்தை கேக்கல. மழை பெஞ்சா பாட்டும் கேக்கல. தகரக் கூரைச் சத்தம்தான். அங்க உக்காந்திருக்கிறவங்கதான் முக்கியமாக் கேக்கணும். நானும் ரெண்டு வருஷமா மூப்பர் கூட்டத்துல சொல்லிட்டு வர்றேன், தள்ளிப் போடுறாங்க. நீ விடாதே. பின்னாடி ஒரு ஒலிபெருக்கி மாட்டச் சொல்லு."